பனிமொழியானின் பெருவாசகர்

பொறாமை எல்லாருக்கும் உண்டு. இல்லை என்று சொல்பவர்களைக் கண்டால் எனக்கு அவர்கள்மீதும் கொஞ்சம் வரும். ஆனால் இணையம் வருவதற்கு முன்பு ஒரு கவிஞன் இன்னொரு கவிஞன்மீது பொறாமைப்படுவதற்குக் கற்பனை தேவைப்பட்டது. அவனை எத்தனை பேர் வாசிக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்? குத்துமதிப்பாக எரியலாம். ஒரு நல்ல தூக்கத்தில் அணைந்தும் போகலாம். பிறகு கவிதையின் காலடியில் ஒரு எண் வந்து உட்கார்ந்தது. இத்தனை தடவை இந்தப் பக்கம் திறக்கப்பட்டது என்றது. மூன்று நிமிடத்துக்கு ஒரு தடவை புதுப்பித்துப் பார்க்கக்கூடிய பொறாமையை மனித குலம் அதற்கு முன் கண்டிருக்காது. கண்ட முதல் ஆட்களில் நானும் ஒருவன்.

இரண்டாயிரத்துப் பத்து. எனக்கு முப்பத்தைந்து வயது. பாரிசில், கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பிரெஞ்சு உணவகத்தின் சமையலறையில் வேலை. மதிய வேலை மூன்று மணிக்கு முடியும். இரவு வேலை ஆறு மணிக்குத் தொடங்கும். நடுவில் உள்ள மூன்று மணித்தியாலத்துக்கு ‘கூப்யூர்’ என்று பெயர். சம்பளம் இல்லாத, வாழ்க்கையும் இல்லாத மூன்று மணித்தியாலம். சக தொழிலாளிகள் அதில் தூங்கினார்கள். நான் நடந்து லா சப்பலில் உள்ள என் வீட்டுக்கு வந்து, மேம்பாலத்து மெத்ரோ சன்னலை உலுக்கிவிட்டுப் போகும்போதெல்லாம் நெஞ்சும் உலுங்க, வசன கவிதை எழுதினேன். (அப்போது என் கவிதைகளில் ‘பிரளயம்’ என்ற சொல் அடிக்கடி வரும். அதற்கு மெத்ரோதான் காரணம்.)

எங்கள் ஊர்ச் சங்கத்தின் பிரான்ஸ் கிளை அந்த வருடம் இணையத்தளம் ஒன்று தொடங்கியது. நிர்வாகி நான். தகுதி? சங்கத் தலைவர் தம்பிராசா மாஸ்டரின் கணினியில் ஒருமுறை கட்டங்கட்டமாகத் தெரிந்த தமிழை எழுத்தாக்கிக் கொடுத்திருந்தேன். மாஸ்டர் ஊரில் கணக்கு வாத்தியார். பாரிசின் புறநகரான ஸ்தேனில் குடியேறி இருபது வருடமாகியும் பெயரோடு ஒட்டிய மாஸ்டர் கழலவில்லை. அவர் பார்வையில் நான் விஞ்ஞானி.

தளத்தை இரண்டு மாதம் வெள்ளோட்டம் விட்டு, ஆண்டு ஒன்றுகூடலில் முறைப்படி திறப்பது என்று முடிவாயிற்று. முகப்பில் நிரந்தரமாக ஒரு கவிதை இருக்கும். சங்கத்தில் கவிஞர்கள் இரண்டு பேர், நானும் பனிமொழியானும். ஒருவருக்குத்தான் இடம்.

“வாக்கெடுப்பு வைச்சால் சங்கம் ரெண்டாப் போகும்,” என்றார் மாஸ்டர். “ரெண்டு பேரின்ரை கவிதையையும் உள்ளுக்குப் போடும். அடியிலை ஒரு மீட்டரைப் பூட்டும். ஆரின்ரை மீட்டர் கூட ஓடுதோ அவருக்கு முகப்பு. மீட்டர் பொய் சொல்லாது.”

அந்த மீட்டரை இரண்டு கவிதைகளுக்கும் பூட்டியவன் நானே. என் சவக்குழிக்கு நானே அளவெடுத்தேன் என்று அந்தக் காலத்து நான் எழுதியிருப்பேன். இப்போது அப்படியெல்லாம் எழுதுவதில்லை.

பனிமொழியானைப் பற்றிச் சொல்ல வேண்டும். நிதானமாகச் சொல்ல முயல்கிறேன். ஆர்ஜொந்தெய்யில் இருந்து வருவார். தலை நிறைய முடி. குரலில் தேன் அல்ல, தேன் விற்பவனின் நிம்மதி. என்னைவிட இரண்டு வயது இளையவர் என்பது போதாதென்று, காணும் இடமெல்லாம் “அண்ணை, சுகமோ?” என்று கேட்பார். உண்மையாகவே சுகம் விசாரிப்பார். அதுதான் தாங்க முடியாதது. அவருடைய கவிதையின் பெயர் ‘ஒற்றைக் கையுறை’. என் கவிதையின் பெயர் ‘தண்டவாளங்களின் பிரளயம்’. பெயரிலேயே நான் வென்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

முதல் வாரம் அவருடைய எண் முந்நூறைத் தாண்டியது. என்னுடையது இருபத்தெட்டு.

இங்கே என் நேர்மையைப் பதிவுசெய்ய வேண்டும். என் கவிதைப் பக்கத்தை நான் ஒரு தடவைகூடத் திறக்கவில்லை. சொந்தக் கவிதைக்குச் சொந்த விரலால் எண் கூட்டுவது இழுக்கு என்று கருதினேன். என் எண் வேண்டுமானால் மாஸ்டருக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்பேன். பனிமொழியானின் எண்ணை மட்டும் நானே பார்த்தேன். பக்கத்தைத் திறப்பேன், அடிக்குக் குதிக்கும் விசையைத் தட்டுவேன், எண்ணைப் பார்ப்பேன், வயிறு எரியும், மூடுவேன். மூன்று நிமிடம் மெத்ரோவைப் பார்ப்பேன். திரும்பத் திறப்பேன். கூடியிருக்கும்! ஒவ்வொரு தடவையும் கூடியிருக்கும்! பாரிசில் இத்தனை தமிழர்கள் வேலை வெட்டி இல்லாமல் இருக்கிறார்களா என்று ஆச்சரியப்படுவேன்.

“என்னப்பா, அடுப்பிலை பால் வைச்சனியளோ?” என்று கேட்டாள் என் மனைவி சுகந்தி. “உதை அடிக்கடி எட்டிப் பாக்கிறியள்.”

“சங்க வேலை,” என்றேன்.

ஏழாவது வாரம் எண் நாலாயிரத்தை நெருங்கியபோது, தளத்தை வைத்திருக்கும் ஹோஸ்டிங் நிறுவனம் நிர்வாகிகளுக்கு ஒரு பட்டியல் தருகிறது என்று கண்டுபிடித்தேன். வருகிற ஒவ்வொருவரின் இணைய முகவரி, ஒரு நீண்ட எண். எந்தப் பக்கம், எத்தனை மணிக்கு. திறந்து பார்த்தேன். அங்கே ஒற்றைக் கையுறைக்கு ஓராயிரம் வாசகர்கள் இல்லை. உதிரியாகச் சிலரைத் தவிர, ஒரே ஒருவர்தான் இருந்தார். 82இல் தொடங்கும் ஒரு முகவரி. அந்த ஒருவர் வந்து வந்து வந்து போயிருந்தார்.

எனக்கு உலகம் நின்றது. கூட்டத்தைக் கண்டு பொறாமைப்படலாம், அது அரசியல். ஆனால் ஒரே ஒரு வாசகர் ஒரு கவிதையை ஆயிரக்கணக்கான தடவை திறக்கிறார் என்றால் அது காதல். எனக்கு வாழ்நாளில் அப்படி ஒருவர் வாய்த்ததில்லை.

அவரை ஆராய்ந்தேன். காலை ஒன்பதரைக்கு இரண்டு மூன்று தடவை வருகிறார். பிறகு பகல் முழுக்கச் சத்தமில்லை. மூன்றேகாலுக்குத் திரும்ப வருகிறார். ஐந்தே முக்கால் வரை விடாமல் வருகிறார். திங்கட்கிழமைகளில் மட்டும் காலை தொடக்கம் மாலை வரை. எனக்குப் பொறி தட்டியது. கூப்யூர்! இவர் உணவகத் தொழிலாளி. எங்கள் ஆள். திங்கள் லீவு. களைத்து வந்து, சப்பாத்தைக் கழற்றாமலே கையுறையைத் திறக்கிறார். ஒரு தடவைக்குப் பதினொரு விநாடிதான் நிற்கிறார். ஒரு கவிதையைப் பதினொரு விநாடியில் வாசித்து முடிக்கும் நுட்பமான மனம்! அந்த முகம் தெரியாத மனிதரைப் பற்றி நான் அறிந்ததெல்லாம் சரி. ஒன்றே ஒன்றுதான் தப்பியது.

நியாயவான் என்பதால் என் கணினியின் எண்ணையும் பார்த்துக்கொண்டேன். அமைப்புப் பகுதியில் தெளிவாக இருந்தது, 192இல் தொடங்கியது. ஆக, அவர் நான் அல்ல.

ஒன்றுகூடலுக்கு மூன்று நாள் இருந்தது. வியாழக்கிழமை. பனிமொழியானின் எண் 4812. என்னுடையது, மாஸ்டரின் வாக்குமூலப்படி, இருநூற்று முப்பத்தொன்பது. மீட்டரைக் கையால் திருப்பியிருக்கலாம். நிர்வாகிக்கு அது இரண்டு சொடுக்கு. ஆனால் அது களவு. ஒரு வாசகரை வாசலில் நிறுத்துவது களவா? நிர்வாகம் அல்லவா?

எங்கள் தளத்தில் ஒரு கோப்பு இருந்தது. கோப்பு என்றும் சொல்ல முடியாது, வாசற்காவலாளி. யாரை உள்ளே விடலாம், யாரை விடக்கூடாது என்று அதில் எழுதி வைத்தால் சேர்வர் அப்படியே கேட்கும். அதில் 82இல் தொடங்கும் முகவரிக்கு அனுமதி இல்லை என்று ஒரு வரி சேர்த்தேன்.

அங்கேயே நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. ஆனால் அந்தக் கோப்பில் ஒரு வசதி உண்டு. வரியின் முன்னால் ஒரு சின்ன வேலிக் குறியைப் போட்டால், அதற்குப் பின் என்ன எழுதினாலும் சேர்வர் கண்டுகொள்ளாது. தொழில்நுட்பக்காரர்கள் தங்களுக்குக் குறிப்பு எழுதிக்கொள்ளும் இடம். கண்டுகொள்ளாத ஒருவர் முன் கவிஞன் சும்மா இருப்பானா? எனக்கு அதுதானே பழக்கமான சபை. எழுதினேன்:

‘# அன்பரே, போதும். கையுறையை விட்டு விலகுவீர். உலகில் வேறு கவிஞர்களும் உளர்.’

சேமித்தேன். மூன்று நிமிடம் கழித்து எண் நின்றதா என்று பார்க்கப் போனேன். பக்கம் வரவில்லை. வெள்ளைத் திரையில் ஆங்கிலத்தில், உமக்கு இங்கே அனுமதி இல்லை என்று இருந்தது. பக்கத்தில் 403 என்ற எண்.

இந்த இடத்தில் சாதாரண அறிவுள்ள ஒருவர் யோசித்திருப்பார். நானும் யோசித்தேன். நான் எழுதிய வரியைத் திரும்பப் போய்ப் பார்த்தேன். அதில் எழுத்துப் பிழை ஏதும் இல்லை. ஆகவே கோளாறு வேறெங்கோ என்று முடிவுசெய்து மாஸ்டருக்கு எடுத்தேன்.

“மாஸ்டர், தளம் விழுந்திட்டுது.”

“எங்கை விழுந்தது? எனக்கு முன்னாலை நிக்குதே.”

“வடிவாப் பாருங்கோ. மீட்டர் என்ன சொல்லுது?”

“அவருக்கு நாலாயிரத்து எண்ணூற்றுப் பன்னிரண்டு. உமக்கு… ஒண்டு கூடி இருநூற்று நாப்பது.”

அரை மணித்தியாலம் கழித்துத் திரும்ப எடுத்தேன். பனிமொழியானின் எண் அதே 4812. அடுத்த நாள் வெள்ளி. அதே 4812. அசையவேயில்லை.

“மாஸ்டர்,” என்றேன் பரிதாபத்தோடு, “நீங்கள் பாக்கிறது உயிரில்லாத படம். பழைய பிரதியை உங்கடை கணினி சேமிச்சு வைச்சுக் காட்டுது. உண்மையிலை தளம் செத்து ஒரு நாளாச்சு. இல்லாட்டி பனிமொழியானின்ரை மீட்டர் ஏன் ஓடேல்லை? யோசியுங்கோ.”

மாஸ்டர் யோசித்தார். “தம்பி,” என்றார், “நீர் சொன்னால் சரியாத்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை பிரதம விருந்தினர் வந்து அமத்தேக்கை தளம் வரவேணும். என்ரை மானம் உம்மடை கையிலை.”

ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு எழுதினேன். எங்கள் பக்கத்தில் எல்லாம் ஒழுங்காக இயங்குகிறது, மொன்சியூர், தங்கள் மாலை இனிதாகட்டும் என்று பதில் வந்தது.

அப்போது நான் இணைய மன்றங்களைத் தேடிப் போனேன். அங்கே பிரேசிலிலோ எங்கோ இருந்து ஒரு புண்ணியவான், 403 வந்தால் கோப்புகளின் அனுமதியைப் பார் என்று எழுதியிருந்தார். ஒவ்வொரு கோப்புக்கும் ஒன்பது சின்னப் பெட்டிகள் உண்டு. யார் வாசிக்கலாம், யார் மாற்றலாம், யார் இயக்கலாம். சிலவற்றில் சரி அடையாளம் இருந்தது, சிலவற்றில் இல்லை. இல்லாததுதான் குறை என்று எனக்குப் பட்டது. சனிக்கிழமை கூப்யூர் மூன்று மணித்தியாலமும் உட்கார்ந்து, சங்கத்தின் அத்தனை கோப்புகளுக்கும் அத்தனை பெட்டிகளையும் நிரப்பினேன். நிர்வாகக் குழுப் படங்கள் உட்பட. மனம் விரிந்திருந்தது. யாருக்கும் எதற்கும் தடையில்லை! (82இல் தொடங்குபவரைத் தவிர.)

வேலைக்கு நடக்கும் வழியில் மாஸ்டர் எடுத்தார்.

“தம்பி, இப்ப எனக்கும் வரேல்லை! ஐந்நூறு எண்டு ஏதோ எழுதிக் கிடக்கு!”

“நல்லது,” என்றேன்.

“என்ன நல்லது?”

“உங்கடை பழைய பிரதி போயிட்டுது. இப்பதான் உண்மையைப் பாக்கிறியள். நான் திருத்தினதைச் சேர்வர் செமிக்க ஒரு நாள் எடுக்கும். நாளைக்கு வரும்.”

எங்கிருந்து வந்தது அந்தத் தைரியம்? இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

ஞாயிறு பின்னேரம். ரூ பெர்தொனேயில் ஓர் உணவகத்தின் பின்மண்டபம். எண்பது பேர். ரோல்ஸ் பொரிகிற வாசம். விளக்கேற்றினார்கள். அகவணக்கம் செலுத்தினார்கள். வரவேற்பு நடனம் ஆடினார்கள். மேசையில் என் மடிக்கணினி. கம்பளத் துணி விரித்து, அதன்மேல் மௌஸ். யாரோ ஒரு பக்தர் அந்த மௌசுக்குச் சந்தனப் பொட்டு வைத்திருந்தார். சுவரில் இரண்டு ஆள் உயரத்துக்கு வெண்திரை. முன்வரிசையில் பனிமொழியான், கழுத்தில் சாம்பல்நிறச் சால்வை, தலையில் அந்த முடி.

“இப்போது,” என்று ஒலிவாங்கியில் மாஸ்டர் மேடைத்தமிழுக்கு மாறினார், “எமது பிரதம விருந்தினர் அவர்கள், உலகெங்கும் பரந்து வாழும் எம் ஊரவரை ஒரு சொடுக்கில் இணைத்து வைப்பார்!”

பிரதம விருந்தினர் ஓய்வுபெற்ற பல் வைத்தியர். சந்தனம் படாமல் ஒரு விரலால் அமத்தினார். திரையில் கொட்டை எழுத்தில் ஆங்கிலம் வந்தது. சேர்வரின் உள்ளே கோளாறு என்றது. 500 என்றது.

எல்லாரும் கைதட்டினார்கள்.

அந்தக் கைதட்டல் ஓயும்வரை நான் உயிரோடிருந்தேன். பிறகு பின்வரிசையில் ஓர் அம்மா பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டது தெளிவாக விழுந்தது.

“உது என்ன, தம்பியின்ரை கவிதையே?”

“புதுக்கவிதை போலை.”

மாஸ்டர் ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் அதற்கு முன் கணக்குப் பாட வகுப்பில்தான் கண்டிருக்கிறேன். நான் மௌசைப் பிடித்து, புதுப்பி, புதுப்பி, புதுப்பி என்று தட்டினேன். இரண்டு மாதமாக என் விரலுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அது.

அப்போது தோளில் ஒரு கை. “அண்ணை, நான் ஒருக்காப் பாக்கட்டோ?”

பனிமொழியான். பகலில் அவருக்கு ஒரு நிறுவனத்தின் சேர்வர்களைப் பராமரிக்கும் வேலை என்று அன்றுதான் எனக்குத் தெரியவந்தது. முடி போதாதா? கவிதை போதாதா? இதுவும் வேண்டுமா?

ஹோஸ்டிங் நிறுவனத்தின் நிர்வாகப் பக்கத்தைத் திறந்தார். “கடவுச்சொல் என்ன அண்ணை?”

திரையில் புள்ளிகளாகத்தான் விழும். ஆனால் என் வாயால் சொல்ல வேண்டுமே.

“நான்தான்கவிஞன்,” என்றேன் மெதுவாக. “ஆங்கில எழுத்திலை. இடைவெளி இல்லை.”

“எல்லாம் சின்ன எழுத்தோ?”

“கடைசியிலை ஒரு ஆச்சரியக்குறி.”

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் வெறுத்திருக்கலாம். கோப்புகளைப் பார்த்தார். “எல்லாக் கதவையும் ஆருக்கும் மாத்தலாம் எண்டு திறந்து விட்டிருக்கிறீங்கள். அதுதான் சேர்வர் பயந்துபோய்க் கடையைப் பூட்டிட்டுது.” பெட்டிகளை மொத்தமாகப் பழையபடி மாற்றினார். இரண்டு நிமிடம். தளம் வந்தது. மறுபடி கைதட்டல், இந்த முறை அர்த்தத்தோடு.

அத்தோடு எழும்பியிருக்கலாம் அவர். ஆனால் ஒழுங்கானவர்கள் ஒழுங்காகவே முடிப்பார்கள். “கடைசியா வேறை எதையும் தொட்டனீங்களோ அண்ணை?”

“இல்லை,” என்றேன்.

அவர் வாசற்காவலாளிக் கோப்பைத் திறந்தார்.

அன்பரே, போதும். இரண்டு ஆள் உயரத்தில், வெண்திரையில், என் வரி. கையுறையை விட்டு விலகுவீர். உலகில் வேறு கவிஞர்களும் உளர். எண்பது பேர் வாசித்தார்கள். என் வாழ்வில் ஒரே நேரத்தில் என்னை அத்தனை பேர் வாசித்தது அதுதான் முதலும் கடைசியும்.

“இது ஆரைத் தடுத்திருக்கு?” பனிமொழியான் தனக்குள் பேசிக்கொண்டார். ஒலிவாங்கி அவருடைய வாய்க்கு நேரே இருந்தது. “எண்பத்திரண்டு… இந்த முகவரி என்ரை கவிதையை நாலாயிரத்து ஐந்நூற்றுத் தொண்ணூறு தரம் திறந்திருக்கு. நிர்வாகி கடைசியா உள்ளை வந்தது… சனிக்கிழமை, மூண்டரைக்கு… அதே எண்பத்திரண்டு.” திரும்பிப் பார்த்தார். “அண்ணை, இது நீங்கள்தானே?”

“இல்லை!” என்று கத்தினேன். “என்ரை எண் நூற்றுத் தொண்ணூற்றிரண்டு! நான் பாத்தனான்!”

“அது வீட்டுக்குள்ளை உள்ள எண் அண்ணை. வெளியிலை தெரியிறது வேறை.”

எனக்கு விளங்கவில்லை. மூன்றாம் வரிசையில் இருந்து சுகந்தியின் குரல் வந்தது. “என்னப்பா விளங்கேல்லை? வீட்டிலை நீங்கள் ஒரு பேர். கார்டு புதுப்பிக்கப் போற பிரிபெக்ச்சர் கந்தோரிலை உங்கடை அப்பாவின்ரை பேரைச் சொல்லிக் கூப்பிடினம். அதுக்காக அங்கை போய் நிக்கிறது உங்கடை அப்பாவே?”

மண்டபம் முழுவதற்கும் விளங்கியது. எங்களில் யாருக்குத்தான் வதிவிடக் கார்டில் தகப்பன் பெயர் முன்னுக்கு வந்து நிற்கவில்லை? எனக்கும் விளங்கியது. மூன்றேகாலுக்கு வருகிற களைத்த மனிதர், திங்கள் லீவுக்காரர், பதினொரு விநாடி நுட்பர், நான் பொறாமைப்பட்ட அந்த மகா காதலர், எல்லாம் நான்.

மாஸ்டர் கண் கலங்கினார். “பாத்தியளோ,” என்றார் சபையைப் பார்த்து. “போட்டிக் கவிஞனின்ரை கவிதையை நாலாயிரம் தரம் வாசிச்சிருக்கிறான். வேலை கெட்டுப்போகுதெண்டு தன்னைத்தானே தடுத்திருக்கிறான்! போதும் எண்டு தனக்குத்தானே எழுதி வைச்சிருக்கிறான்! இதெல்லோ பெருந்தன்மை!”

குடிகாரன் தன் அலுமாரியைத் தானே பூட்டிய கதையாக அதைச் சபை ஏற்றுக்கொண்டது. நான் தப்பிவிட்டேன். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

ஆனால் கணக்கு வாத்தியாருக்குக் கணக்கு விடுமா? விரல் மடித்தார். “பொறுங்கோ. ஒருத்தரின்ரை நாலாயிரத்து ஐந்நூற்றுத் தொண்ணூறைக் கழிச்சால் அவருக்கு இருநூற்று இருபத்திரண்டு. எங்கடை தம்பிக்கு இருநூற்று நாப்பது. தம்பி பதினெட்டாலை வெண்டிட்டார்! ஆனால்…” நிறுத்தினார். “ஒரு கவிஞன் வாசிச்சதைக் கழிக்கலாமோ? நூறு சனம் வாசிக்கிறதும் ஒரு கவிஞன் வாசிக்கிறதும் ஒண்டே?”

பதினெட்டு! நான் பார்க்காமல் இருந்திருந்தால், சும்மா தூங்கியிருந்தால், வென்றிருப்பேன். இப்போதும் வெல்லலாம். நான் வாசிக்கவில்லை, மீட்டர் பார்க்கத்தான் வந்தேன், கழியுங்கள் என்று சொன்னால் போதும். சொன்னால் முகப்பு, சொல்லாவிட்டால் பெருந்தன்மை. நான் இரண்டுக்கும் நடுவே மெத்ரோக் கதவில் சிக்கியவன்போல நின்றேன்.

பல் வைத்தியர் என்னிடம் ஒலிவாங்கியை நீட்டினார். “நாலாயிரம் முறை வாசித்த தாங்கள், அந்தக் கவிதையில் தங்களுக்குப் பிடித்த வரியை இந்தச் சபைக்குச் சொல்ல வேண்டும்.”

பிடித்த வரி. நான் தேடினேன். உள்ளே எங்கும் தேடினேன். கையுறை என்று ஒன்று வரும் என்று தெரியும், அது தலைப்பு. அதற்குப் பிறகு? நான் எப்போதும் அடிக்கல்லவா குதித்தேன். அங்கே ஒரே ஒரு வரிதான் இருக்கும். பனிமொழியான் ஆவலோடு என்னைப் பார்த்தார். உண்மையான ஆவல்.

“நாலாயிரத்து எண்ணூற்றுப் பன்னிரண்டு,” என்றேன்.

முதலில் சுகந்தி சிரிக்கத் தொடங்கினாள். அவள் சிரிப்பு மெல்லத் தொடங்கிப் பக்கத்து வரிசைக்குப் பரவி, கடைசி வரிசை அம்மாவுக்கு யாரோ காதில் விளக்கிச் சொன்னபின் கூரையில் இடித்தது. மாஸ்டர் கடைசியாகத்தான் விளங்கிக்கொண்டார். “அப்ப… வாசிக்கேல்லையோ?” என்றார். “அப்ப கழிக்கத்தானே வேணும்!”

ஆக, நான் வென்றுவிட்டேன். சிரிப்புக்கு நடுவே, பதினெட்டு வாக்கால்.

பல் வைத்தியர் மட்டும் அசையவில்லை. இவ்வளவு நடந்தபிறகு அந்தக் கவிதை என்னதான் சொல்கிறது என்று தனக்குத் தெரிய வேண்டும் என்றார். திரையைப் பார்த்து வாசித்தார். நானும் அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டேன்.

‘ஒரு கையுறையைத் தொலைத்தவன்
மற்றதை எறியவில்லை.
கண்டெடுத்தவனும் எறியவில்லை.
இந்த நகரத்தில் இரண்டு பேர்
ஒரு கையால் குளிர்கிறார்கள்.’

அவ்வளவுதான். ஐந்து வரி. பதினொரு விநாடி தாராளமாகப் போதும்.

யாரும் கைதட்டவில்லை, கைதட்ட மறந்திருந்தார்கள். என்னுள்ளே அதுவரை எரிந்ததெல்லாம் சும்மா அடுப்பு, இதுதான் தீ என்று தெரிந்தது. முடிக்காகப் பொறாமைப்பட்டிருக்கிறேன், எண்ணுக்காகப் பொறாமைப்பட்டிருக்கிறேன். ஒரு நல்ல வரிக்காகப் பொறாமைப்படுவது உயர்ந்த சாதி வலி. அடுத்ததாக ‘தண்டவாளங்களின் பிரளயம்’ வாசிக்கப் பல் வைத்தியர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அது மூன்று பக்கம். பிரளயம் அதில் நாலு இடத்தில் வரும்.

“முகப்பிலை அவரின்ரையே இருக்கட்டும்,” என்றேன் ஒலிவாங்கியில்.

விட்டுக்கொடுத்தேன் என்று சங்கத்தின் அந்த வருட அறிக்கையில் எழுதினார்கள். உண்மையில், இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுவிடுவார்களே என்ற பயத்தில்தான் சொன்னேன். வென்றவருக்கென்று மாஸ்டர் ஒரே ஒரு பொன்னாடைதான் வாங்கியிருந்தார். பனிமொழியான் அதை வாங்கி, விரித்து, என் தோளில் போட்டார். “என்ரை பெருவாசகர்,” என்றார். கேலி துளியும் இல்லை. அவரை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இப்போது எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. தளத்தின் நிர்வாகி இன்னும் நான்தான். முகப்பில் கையுறை அப்படியே இருக்கிறது, மீட்டரைக் கழற்றிவிட்டேன். ஆனால் எங்கள் வீட்டில், மைத்துனி வீட்டில், லா சப்பலில் எனக்குத் தெரிந்த பாதி வீடுகளில், ஒன்றைப் படிக்காமலே படித்தேன் என்று யாராவது சொன்னால் உடனே கேள்வி வரும்: “பிடிச்ச வரி?” பதில் எல்லாருக்கும் தெரியும். இங்கே பிறந்த என் மகளுக்கு அதன் பின்கதை பாதிதான் தெரியும். ஆனால் பாடசாலைக் கடிதத்தை வாசித்தாயா என்று கேட்டால், தோளைக் குலுக்கி, “காத்ர் மில் உய் சொன் தூஸ்” என்று அதே எண்ணைப் பிரெஞ்சில் சொல்லிவிட்டுப் போய்விடுவாள்.

போன மாதம் என் புதிய தொகுப்பு வந்தது. முதல் பிரதியைச் சுகந்திக்குக் கொடுத்தேன். நாலு நாளாகக் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தது. வாசித்தீரோ என்று கேட்டேன். ஓமப்பா, நல்லாயிருக்கு என்றாள். எனக்குள் எங்கோ பழைய விரல் துடித்தது.

“பிடிச்ச வரி எது?”

அவள் ரவையை வறுத்துக்கொண்டிருந்தாள். அகப்பையை நிறுத்தவில்லை.

“உங்கடை புத்தகத்துக்கு நாலாயிரத்து எண்ணூறெல்லாம் வராதப்பா,” என்றாள். “பன்னிரண்டு எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ.”